கை

ஃபஹாஹீல் மீன் சந்தை வழக்கு.
சாட்சி இருளப்பன், பரமக்குடிப் பக்கம்.
நான் மொழிபெயர்ப்பாளன்,
மணிக்கு ஐந்து தினார்.

"போலீஸ் அரபியில என்னமோ கத்துனாரு.
சகாயம் திரும்புனான்.
வஞ்சிரம் வெட்டுன கத்தி கையிலயே இருந்துச்சு.
நடுவுல எட்டடி ஈரத்தரை.
கையத் தூக்குனான் சார்."

தூக்கினானா, ஓங்கினானா?
எனக்குத் தெரிந்த அரபியில்
இரண்டுக்கும் ஒரே சொல்.
ஓங்கினான் என்றால் சுட்டது சரி.
தூக்கினான் என்றால்

நீதிபதி காத்திருக்கிறார்.
சுட்டவனுக்கு இருபத்துமூன்று இருக்கும்,
என் வாயையே பார்க்கிறான்.

மறுபடி கேட்டேன்.
இருளப்பன் பேசவில்லை,
எழுந்து செய்து காட்டினான்:
வலது கை தலைக்கு மேலே,
இல்லாத கத்தியைச் சுற்றி
மடங்கிய விரல்கள்.

அப்படியே நின்றான்.
இதை எப்படி எழுதுவது என்று
எழுத்தர் என்னைக் கேட்டார்.