பானெட்டின் இடது பாதி

கொலுசுக்கு மெருகு போடுவது என் பிழைப்பு.
கீறலைப் பற்றி எனக்கு யாரும்
வகுப்பெடுக்க வேண்டியதில்லை.
மெருகு என்பதே கீறல்தான்.
கண்ணுக்கு எட்டாதபடி
பொடிப்பொடியாய், ஒரே திசையில்.

கொழுந்தன் தீர்த்தகிரி சொன்னான்:
'மெஷின்ல விட்டுறாதீங்க அண்ணி.
கறுப்பு வண்டி, பெயிண்ட் செத்துரும்.
கையால கழுவுங்க.'
எங்கள் சிவதாபுரத்துத் தெருவுக்குக்
குழாய்த் தண்ணீர் ஆறு நாளைக்கு ஒருதரம்,
அதுவும் விடிகாலை மூன்றரைக்கு.
கையால் கழுவச் சொல்கிற கை
ஒரு குடமும் தூக்கியதில்லை.

அதனால் போனேன்,
வியாழன்தோறும்,
கொண்டலாம்பட்டி பைபாஸுக்கு.
கியரை நியூட்ரலில் போட்டுவிட்டுக்
கையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.
மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.
ஆளுயர நீலப் பட்டைகள் சுழன்று வந்து
கதவை, கூரையை, கண்ணாடியைத் தட்டும்.
நுரை அப்பியதும்
பட்டப்பகல் நாலு நிமிஷம் காணாமல் போகும்.
சீட்டுப் பாக்கி, வெள்ளி விலை
எதற்கும் அங்கே வழி தெரியாது.

ஆனாலும் சந்தேகம் சந்தேகம்தானே.
ஒரு ஞாயிறு சாயந்திரம்
பானெட்டின் நடுவே டேப் ஒட்டி
இடது பாதிக்கு மட்டும் மெழுகு தேய்த்தேன்.
ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினேன்.
இடதில் கொலுசு முத்துப்போல உருண்டு நின்றது.
வலதில்
ஈரச் சேலையாய்ப் படுத்துக் கிடந்தது.

முதல் வியாழன் முத்து முத்தாகவே இருந்தது.
மூன்றாவதில் கொஞ்சம் சப்பை.
ஆறாவதில்
இடதா வலதா என்று
எனக்கே தெரியவில்லை.

உச்சி வெயிலில் பட்டறை லென்ஸைக் கண்ணில் செருகி
பானெட்டின்மேல் குனிந்து நின்றேன்.
மெஷின் பார்க்கிற பர்கத் ஓடி வந்தான்:
'மூக்குத்திக் கல்லு விழுந்துருச்சாக்கா?'
வட்ட வட்டமாய் வலை பின்னியிருந்தது.
தலையை எங்கே நகர்த்தினாலும்
வலையின் நடுவே சூரியன்
நகர்ந்து வந்து உட்கார்ந்துகொண்டது.

யார் செய்தது?
பட்டையைத் தொட்டுப் பார்த்தேன், பஞ்சு.
உள்ளங்கையில் தேய்த்தேன்.
நறநறவென்று ஏதோ.
வெள்ளையாக.
எனக்கு முன்னால் உள்ளே போனது
கருப்பூர்ப் பக்கத்து மாக்னசைட் ஜீப்.
அந்த டிரைவர் மேடு பள்ளம் ஏறி இறங்கிய நாளெல்லாம்
இப்போது என் வண்டிமேல் சுற்றிச் சுற்றி
எழுதியிருக்கிறது.
என் பின்னால் நின்றதோ
நம்பர்கூட எழுதாத புது வண்டி.
என் சக்கரத்து ஏற்காட்டுச் செம்மண்ணை
அதுதான் வாங்கிக்கொண்டிருக்கும்.
ஓட்டி வந்த பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.
நானும் சிரித்துவைத்தேன்.

பர்கத் குரலைத் தாழ்த்தினான்:
'முதல்ல பிரஷர் தண்ணி அடிச்சு
மண்ணை இறக்கிட்டு விடச் சொல்லணும்க்கா.
அம்பது ரூபா கூட.
யாரும் கேக்கறதில்ல.'

'சொன்னேனா இல்லையா?' என்றான் தீர்த்தகிரி.
அவன் வண்டிமேலும் லென்ஸ் வைத்தேன்.
ஒரே வாளி, ஒரே துணி,
கீழே விழுந்தாலும் உதறாமல் தேய்த்த துணி.
நேர்க்கோடுகள், நீளமாய், ஆழமாய்.
அவன் கை போன வழியெல்லாம் தெரிந்தது.
வாய்வரை வந்ததை விழுங்கினேன்.
ஒரு பெயிண்டுக்காகக்
கொழுந்தனைக் கைகழுவ முடியுமா?

போன வாரம் ஏற்காட்டுக் கடைக்குச்
சரக்குக் கொண்டுபோனேன்.
பதினாலாம் கொண்டை ஊசியில் பனி இறங்கிப்
பானெட் முழுக்க நனைந்தது.
வைப்பரை ஒட்டி இடது மூலையில்,
பட்டை எட்டாத ஒரு சாண் இடத்தில்,
மெழுகு இன்னும் உயிரோடு இருந்தது.
அங்கே மட்டும் துளிகள் உருண்டன.
வளைவு திரும்பும்போது
மொத்தமும் ஒரு பக்கமாய் ஓடின.
பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது.

நாளை வியாழன்.
ஐம்பது ரூபாயைத்
தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.