யூனிட் கணக்கு

வால்பாறை ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும்
மயில்சாமி முதலில் பார்த்தது மலையை அல்ல,
மைல்கல்லை ஒட்டிக் கிடந்த பாறையை.
"முக்கா யூனிட் வரும்," என்றார்
யாரும் கேட்காமலே.

கிணத்துக்கடவு கிரஷரில்
பதினோரு வருஷமாய் டிப்பர் ஓட்டுகிற ஆள்.
எங்கள் அரிசி, ஸ்கூல் பீஸ்,
அடகிலிருந்து என் கழுத்துக்குத் திரும்பிய ரெண்டரைப் பவுன்
எல்லாமே பொடித்த கல்.

வாட்ச்சர் பொம்மிக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும்.
அட்டைக்கென்று உப்பும் மூக்குப்பொடியும் கலந்து
எங்கள் சாக்ஸில் தேய்த்துவிட்டாள்.
பரணி நாலு தும்மல் போட்டான்.
இனியா செல்போனைத் தூக்கித் தூக்கி டவர் தேடினாள்.
சோலை முடிகிற இடத்தில் அதுவும் செத்தது.

அங்கே காடு சட்டென்று இல்லை.

உச்சியிலிருந்து பள்ளம் வரைக்கும்
சட்டையைப் பிடித்துக் கிழித்தாற்போல் மலை.
ரேஷன் கடை அளவுக்குப் பாறைகள்,
ஆட்டுக்குட்டி அளவில், தேங்காய் அளவில்,
நடுவே தலைகீழாய்க் குத்தி நின்ற ஒரு மரம்.
வானத்தைப் பார்த்த அதன் வேரில்
ஏதோ கொடி ஏறிப் பூத்திருந்தது.
"ஆடி மழைங்க. நாலு வருஷமாச்சு.
இங்க யாரும் குடியில்லீங்க.
ஆனா சத்தம் எங்க பதி வரைக்கும் வந்துச்சு,"
என்றாள் பொம்மி, அரிவாளைக் கை மாற்றிக்கொண்டு.

மயில்சாமி கணக்குப் போட ஆரம்பித்தார்.
அது பதினெட்டு. அந்த ரெண்டும் சேர்ந்தா நாப்பது.
விரல் மடக்கினார்.
விரல் போதாமல் என் விரலையும் பிடித்து மடக்கினார்.
பாதிச் சரிவில் கணக்கு நின்றது.
"வேட்டு வெக்காம, சங்கு ஊதாம,
ஒரு சொட்டு டீசல் இல்லாம..."
கல்யாணமான நாளிலிருந்து
அவர் முடிக்காமல் விட்ட முதல் பேச்சு.

ஒவ்வொருவராய்க் கடக்கச் சொன்னாள் பொம்மி.
சத்தம் கூடாது என்றாள்.
எதிரொலி கேட்க இனியா கை தட்டினாள்,
ஒரே ஒரு தடவை.

மேலே எங்கோ
ஒரு கல் தூக்கம் கலைந்து
பக்கத்துக் கல்லிடம் எதையோ சொல்ல,
அது அடுத்ததிடம் சொல்ல,
எங்களுக்கு இருபதடி முன்னால்
உள்ளங்கை அகலத்தில் ஒன்று வந்து நின்றது.
அவ்வளவுதான்.
மயில்சாமியின் கை என் பொடனியில் இருந்தது.
எப்போது வந்ததென்று அதற்கே தெரியாது.
மகளை அவர் திட்டவில்லை.
அதுதான் அவளை அழவைத்தது.

அக்கட்டால் போய்த்தான் மூச்சு விட்டோம்.
விழுந்த பாறைகள் ஓடையை மறித்து
அங்கே ஒரு குட்டை.
தூக்குப்போசியைத் திறந்து
ஆறிப்போன அரிசிம்பருப்பு சாதம் தின்றோம்.
குட்டைக்குப் பேர் என்ன என்றேன்.
"இன்னும் வெக்கலீங்க," என்றாள் பொம்மி.
"நாலு வயசுதானே? அப்ப நான் இதுக்கு அண்ணன்,"
என்று பரணி காலை நனைத்தான்,
மீன் கடிக்குதென்று துள்ளினான்.

எதிர்ச் சரிவில் குட்டியோடு ஒரு வரையாடு.
நாங்கள் அரை மணி நேரம் நடுங்கின தூரத்தை
சந்தைக்குப் போகிற மாதிரி கடந்தது.
பொடிக்கல் ஒன்றும் அசையவில்லை.
"பாரு, ஓவர்லோடு ஏத்தலை அது," என்றார்.
இனியா அப்போதுதான் சிரித்தாள்.

ஆழியாறு செக்போஸ்ட்டில் பையைக் கொட்டி
பிளாஸ்டிக் பாட்டில்களை எண்ணினார்கள்.
வேறெதையும் கேட்கவில்லை.

ராத்திரி வீட்டில் ஷூவை உதறினார்.
பட்டாணி அளவு கல் ஒன்று
டைல்ஸில் உருண்டு பீரோவுக்கடியில் போனது.
"இது எத்தனை யூனிட்டுங்க?" என்றேன்.
பதில் இல்லை.
குனிந்து, விளக்குமாற்றுக் குச்சியை விட்டுத் துழாவி
அதை எடுத்து ஜன்னலில் வைத்தார்.

விடிகாலை நாலு மணிக்கு லோடு.
அலாரம் வைத்துப் படுத்தவர்
நெடுநேரம் கழித்து இருட்டில் கேட்டார்:
"அந்த மீனு எங்கிருந்து வந்துருக்கும்?"
"ஓடையில இருந்ததுதானுங்களே."
"அன்னைக்கு ராத்திரியுமா?"