இணைப்பு ஏழு

குத்தாயிசி சந்தைக்குப் பின்புறம்
நோட்டரி அலுவலகத்தில் இரண்டாம் மேசை என்னுடையது.
பக்கத்துக்குப் பன்னிரண்டு லரி, முத்திரை தனி.
பிறப்பு, இறப்பு, மணமுறிவு, மதிப்பெண்
எல்லாம் ஒரே விலை.

எலிசோ பிப்ரவரி முழுக்க வந்துகொண்டிருந்தாள்.
ஈரக் குடையை வாசலில் சாத்திவிட்டு
உறையிலிருந்து ஒவ்வொன்றாய் எடுப்பாள்.
வேதியியல் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதத்தில்
'விடாமுயற்சி' என்று இருந்தது.
வருடா வருடம் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் அதைத்தான் எழுதுகிறார்.
நானும் வருடா வருடம் ஒரே ஆங்கிலச் சொல்லைப் போடுகிறேன்.

பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னால்
கிடைக்காமல் போய்விடும் என்று பயந்தாள்.
உறையின் மேல் நானே பார்த்துக்கொண்டேன்.
கனடா. குளிருக்குப் பேர்போன ஊர்.

நிதியுதவிப் படிவம் பதினான்கு பக்கம்.
ஆறாவதில் நின்றுவிட்டாள்.
தாயின் தொழில்.
தாயின் முதலாளி.
தாயின் ஆண்டு வருமானம், சான்றுடன்.

தாய் நானுலி இத்தாலியில், பாரி நகரத்தில்,
தொண்ணூறு வயது சிஞ்ஞோரா ஒருத்தியின்
கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில்.
ஒன்பது வருடம்.
சம்பளம் கையில், ஒப்பந்தம் வாயில்.
காகிதம் கேட்டால் வேலை போய்விடும்.
காகிதம் இல்லாமல் ஊருக்கு வந்தால்
திரும்பப் போக விடமாட்டார்கள்.

"பூஜ்யம் என்று போடட்டுமா?"
போடலாம். சட்டப்படி பொய்யில்லை.
ஆனால் அந்தப் பூஜ்யம்தான் அவளுக்குக் காலணி வாங்கியது,
வாடகை கட்டியது,
ஆங்கிலத் தேர்வுக்கு இரண்டு முறை பணம் கட்டியது.
முதல் முறை, கேட்டல் பகுதியில் அரை மதிப்பெண் குறைந்துபோனது.

மறுநாள் ஒரு ஷூ பெட்டியோடு வந்தாள்.
டோடோ சித்தியின் அலமாரியிலிருந்து,
அவள் பேக்கரிக்குப் போன நேரத்தில்.
மாதம் ஒருமுறை பாரியில் புறப்பட்டு
மூன்று எல்லை தாண்டி வரும் மினிபஸ்ஸில்
பொட்டலங்களின் மேல் ஒட்டி வந்த சீட்டுகள்.
நூற்று நான்கு.
சித்தி ஒன்றைக்கூட எறிந்திருக்கவில்லை.

நானுலியின் சாய்ந்த எழுத்து:
'ஆலிவ் எண்ணெய் ஐந்து. சோப்புத்தூள் இரண்டு.
சிவப்புப் பெட்டியை நீயே பிரி.'
ஓரத்தில் பென்சிலில்
'250'. 'மறுபடி 250'.
'180தான், பல் பிடுங்கினேன்'.
நோய்ப் பரவலில் எல்லை மூடிய வசந்தத்துக்கு
சீட்டே இல்லை.

"இதை மொழிபெயர்த்து முத்திரை போட முடியுமா?"

"இதெல்லாம் ஆவணமா?" என்றாள் நோட்டரி லம்சிரா,
கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து.
வழங்கிய அதிகாரி என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?
'அம்மா' என்றாள் எலிசோ.
லம்சிரா காபி வாங்கப் போனாள்.
அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

பக்கத்துக்கு எட்டாய் ஒட்டினால் பதின்மூன்று பக்கம்.
ஒட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்ப்பேன்.
இரு பக்கமும் மொழிபெயர்க்க வேண்டும், அதுதான் விதி.
தொண்ணூற்று எட்டு வரை பின்பக்கம் வெறுமை,
பசை, கொஞ்சம் அட்டைநார்.
தொண்ணூற்று ஒன்பதில் எழுத்து இருந்தது.

'டோடோ, இவளிடம் சொல்லாதே.
சிஞ்ஞோரா நவம்பரில் போய்விட்டாள்.
வீடு பூட்டியாயிற்று. வேறு இடம் தேடுகிறேன்.
இதிலிருக்கும் முந்நூறு கடன்.'

நான் படித்துக்காட்டவில்லை.
அவள் என் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டாள்.

மீதி ஐந்து சீட்டுகளை அவளே திருப்பினாள்.
எதுவும் இல்லை.
முன்பக்கத்தில் 300, 300, 300, 300, 300.

வெளியே யாரோ உருளைக்கிழங்கு விலை கூவினார்கள்.
அவள் படிவத்தை எடுத்து
ஆறாம் பக்கத்தைத் தாண்டி, பதினொன்றுக்குப் போனாள்.
'குடும்பத்தின் கடன்கள்.'
ஆறு முந்நூறுகளை ஓரத்தில் கூட்டிப் பார்த்தாள்.
யாரிடம் வாங்கியது என்று ஒரு கட்டம்.
அதைக் காலியாக விட்டாள்.

தட்டச்சு செய்து முடிக்க ஆறு மணியாயிற்று.
'இணைப்பு ஏழு' என்று மேலே போட்டேன்.
சீட்டு தொண்ணூற்று ஒன்பதின் பின்பக்கம்
தனிப் பக்கமாய்க் கணக்கு. ஆகப் பதினான்கு.
தள்ளுபடி அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

யூரோவாக எண்ணிக் கொடுத்தாள்.
மேசை டிராயரைத் திறக்கும்போதெல்லாம்
இரண்டு நாளைக்குச்
சோப்புத்தூள் மணத்தது.