ஒண்ணாம் நம்பர் கதவு

பெருமாநல்லூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி
மூன்றரை சென்ட். ஒரே வரிசையில் ஐந்து கதவு.
ஒண்ணாம் நம்பரில் நாங்களே குடி.
முதல் தேதியானால்
அவருடைய கம்பெனிச் சம்பளத்திலிருந்து
மூவாயிரத்து ஐந்நூறை எடுத்து டப்பாவில் போட்டு
நோட்டில் ‘வரவு’ என்று எழுதுவேன்.
"நம்மூட்டுக்கு நாமளே வாடகையா?"
நாச்சிமுத்து சிரிப்பார்.
"நாம இல்லாட்டி வேறொருத்தர் குடுத்திருப்பாங்கல்லங்க."
"யாரு?"
அதற்குப் பதில் வைத்திருக்கவில்லை நான்.

நேற்று ராத்திரி கரண்ட் போனது.
செல்போன் வெளிச்சத்தில்
ஒரு வருசத்தை மொத்தமாகக் கூட்டினேன்.

இடம் ஏழு லட்சம். கட்டடம் பதினொன்று.
எழுநூற்று நாற்பது அடி இறங்கி
விரல்கடை உப்புத் தண்ணி கொடுத்த போருக்கு
ஒன்று நாற்பது.
ஆகப் பத்தொன்பது லட்சத்து நாற்பதாயிரம்.
அதில் பத்து, பாங்கினுடையது.

வாடகை வருசத்துக்கு இரண்டு லட்சத்துப் பத்தாயிரம்,
எந்தக் கதவிலும் பூட்டுத் தொங்காதிருந்தால்.
ஆடியில் ஆர்டர் நின்றது.
மூணாம் நம்பர் ஒடிசாப் பையன்கள் ரயிலேறினார்கள்,
நாலாம் நம்பரும் போனது.
ஆவணி முடியும்வரை இரண்டு அறைக்குள்ளும்
பல்லி மட்டும் குடியிருந்தது, அட்வான்ஸ் தராமல்.
பதினாலாயிரம்.
செப்டிக் டேங்க் வண்டி மூன்று நடை,
லாரித் தண்ணி ஆறு,
மோட்டார் காயில், வெள்ளையடிப்பு, வீட்டு வரி
எல்லாம் சேர்ந்து நாற்பத்து நாலாயிரத்து ஐந்நூறு.
கடனுக்கு வட்டி மட்டும் ஒரு லட்சம்.
கழித்து, திரும்பவும் கழித்துப் பார்த்தேன்:
அறுபத்தைந்தாயிரத்து ஐந்நூறு.

கைக்காசு ஒன்பது நாற்பதை
ஏழு வட்டிக்கு பாங்கிலேயே தூங்கவிட்டிருந்தால்
அறுபத்தைந்தாயிரத்து எண்ணூறு.

முன்னூறு ரூபாய் குறைச்சல்.
இதற்கா
நடுச்சாமத்தில் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
வால்வு திருகினேன்?
இரண்டாம் நம்பர் சண்டைக்கு
இரண்டு பக்க நியாயமும் கேட்டேன்?
அந்த மணிநேரங்களுக்கு நோட்டில் பத்தி இல்லை.
செக்கிங் டேபிளில் நின்றிருந்தாலாவது
ஓவர்டைம் போட்டிருப்பார்கள்.

"செண்டு மூணு லட்சம் ஆயிப்போச்சுங்க்கா,
இன்னும் ஏறும்"
என்கிறார் புரோக்கர் குருநாதன்.
அந்த விலைக்கு ஆள் கூட்டி வாங்க என்றால்
அவருக்கு உடனே போன் வந்துவிடுகிறது.

விடிந்ததும் ஒச்சம்மா கதவைத் தட்டினாள்.
புரட்டாசியில் நாலாம் நம்பருக்கு வந்தவள்.
"அக்கா, அவருக்கு மேலுக்கு முடியல.
உசிலம்பட்டிக்கே போயிடுறோம்.
அட்வான்சு…"

அப்போதுதான் உறைத்தது.
நாலு வீட்டு அட்வான்ஸ், எண்பதாயிரம்.
போர் போடும்போது அதையும் தூக்கி உள்ளே விட்டு
கைக்காசு என்று எழுதியிருக்கிறேன்.
அதை நீக்கிக் கணக்குப் பார்த்தால்
பாங்கைவிட ஐயாயிரத்து முன்னூறு அதிகம் எனக்கு.
சந்தோசப்பட ஒரு நிமிசம்கூடக் கிடைக்கவில்லை.
அந்த லாபத்தைச் சம்பாதித்தது
வட்டி கேட்காத அவர்கள் பணம்.
தரைக்கடியில் எழுநூற்று நாற்பது அடியில் கிடக்கும் அதை
எந்த மோட்டார் மேலே இழுக்கும்?

டப்பாவைக் கவிழ்த்தேன்.
நாலு வீட்டு வாடகை தவணைக்கே போய்விடும்;
இதில் கிடந்தது
எனக்கு நானே கொடுத்த ஆறு மாசம்.
இருபதாயிரத்தை எச்சில் தொட்டு எண்ணி
ஒச்சம்மா கையில் வைத்தேன்.
கரண்ட் பில்லைப் பிடித்துக்கொள்ளலாமே என்று
நாச்சிமுத்து கண்ணால் கேட்டார்.
நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

மிச்சம் ஆயிரம்.
நாலாம் நம்பர் சுவரில் ஒச்சம்மா பிள்ளை
கரியால் ஒரு பஸ் வரைந்து வைத்திருக்கிறது.
வெள்ளையடிக்காமல் வாடகைக்கு விட முடியாது.
சுண்ணாம்பு என்ன விலை இப்போது?