காஷ்மீராக இரண்டு முறை

இந்த மேடு
காஷ்மீராக இரண்டு முறை நடித்திருக்கிறது,
லண்டன் புறநகராக ஒரு முறை,
சொர்க்கமாக ஒன்றரை முறை.
இரண்டாவது சொர்க்கத்துக்குப்
பைனான்ஸ் கிடைக்கவில்லை.
ஊட்டியாக நடிக்க
இன்னும் யாரும் கூப்பிடவில்லை.

ஏறுங்கள். முன்னால் இருவர், பின்னால் ஐவர்.
கதவை ஓங்கிச் சாத்த வேண்டாம்,
கைப்பிடி கையோடு வந்துவிடும்.
ஒன்பதாவது மைல் வரை வாடகை.
தகவல் இலவசம்.

வலது பக்கம் அந்தச் சரிவு தெரிகிறதா,
வெள்ளைக் குதிரையில் ராஜகுமாரன் இறங்கி வருவானே?
குதிரை வெள்ளையே இல்லை.
ஏரிக்கரைப் பீரான் பாயின் செவலை.
மைதா கரைத்துப் பூசி நிறுத்தினார்கள்.
இரண்டாம் சரணத்தில் தூறல் பிடித்தது.
அடுத்த முறை உற்றுப் பாருங்கள்,
முழங்காலுக்குக் கீழேதான் வெள்ளை,
முதுகெல்லாம் செவலை,
மிச்ச மாவு ராஜகுமாரனின் கால்சட்டையில்.

பேய்ப் படத்துக்கு மூடுபனி தேடி வந்தவர்களுக்குப்
பதினோரு நாள் பளீர் வெயில்.
கோயம்புத்தூரிலிருந்து புகை மெஷின் வந்தது,
இதே வண்டியில்தான்,
பர்லியாரில் கொதித்து நின்று, தண்ணீர் குடித்து, ஏறி.
இறக்கி வைத்த சாயங்காலமே
பனியும் வந்து சேர்ந்தது.
கேமராவுக்குப் பேயே தெரியவில்லை.

அந்தப் படத்தில் ஓர் அலறல் உண்டு.
நடிகை என்று நினைத்திருப்பீர்கள்.
நஞ்சநாட்டு லிங்கியம்மா அது.
கேரட் பாத்தியில் குனிந்து நிமிர்ந்தால்
எதிரே காட்டெருமை.
குருவிச் சத்தத்துக்கு மைக் நீட்டியிருந்த பையன்
குருவியை விட்டுவிட்டான்.
ஐம்பது ரூபாய், ஒரு தயிர்சாதப் பொட்டலம்.
அப்புறம் நாலு படம், ஒரு கொசுவர்த்தி விளம்பரம்,
கதாநாயகிகள் மாறினார்கள்,
அலறியது லிங்கியம்மாதான்.
டிவியில் அது கேட்கும்போதெல்லாம்
அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்பாள்,
"எருமை போயிட்டுதா?"

இதை மட்டும் யாரும் நம்புவதில்லை.
சிரித்துவிட்டு,
வர்க்கி எந்தக் கடையில் நல்லா இருக்கும் என்பார்கள்.

அதனால் ஒரு ஜூலை மழையில்,
வண்டிக்குள் சவாரிகள் கொட்டாவி விட,
ஒரு பொய்யைச் சுட்டு இறக்கினேன்:
இதோ இந்தச் சீகை மரத்தடியில்தான் தாலி கட்டும் காட்சி,
தாலியைக் கொண்டுவர மறந்துவிட்டார்கள்,
டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்,
நான்தான் தார்ப்பாய்க் கயிற்றில் ஒரு முழம் அறுத்து
மஞ்சள் தடவிக் கொடுத்தேன் என்று.
மரத்துக்கு அன்றைக்கே நாலு போட்டோ.

மூன்று வருடம் கழித்து, போன வாரம்,
சேலத்துப் பையன் ஒருவன் பின்சீட்டிலிருந்து
எனக்கே சொன்னான்:
"அண்ணா, உங்களுக்குத் தெரியுமா,
அந்தப் படத்துல கட்டுனது ஜீப் கயிறு.
நைலான். ஹீரோயின் கழுத்துல தழும்பாயிருச்சு,
அதான் அடுத்த சீன்லேர்ந்து ஸ்கார்ஃப்."

ஸ்கார்ஃப் வந்தது எனக்குத் தெரியாது.
நைலானும்.

"கயிறு குடுத்த டிரைவர் இப்ப இல்லையாம்ணா.
தலைகுந்தா வளைவுல பிரேக் புடிக்காம..."
பக்கத்தில் இருந்த பெண் உச்சுக் கொட்டினாள்.

தலைகுந்தா வளைவு அப்போதுதான் வந்தது.
பிரேக்கைத் தொட்டுப் பார்த்தேன்.
பிடித்தது.
"அப்படியா தம்பி, பேரு என்னவாம்?"
"பேரெல்லாம் யாருக்குண்ணா தெரியும்."

மரத்தடியில் இறங்கிக் கொஞ்ச நேரம் நின்றார்கள்.
அவள் பட்டையைத் தொட்டு
விரலை முகர்ந்து பார்த்தாள்,
மஞ்சள் வாசம் வருகிறதா என்று.
வருதுடா என்றாள்.
நானும் போய் முகர்ந்தேன்.

திரும்பி வந்து சேரிங் கிராஸில் இறங்கும்போது
இருநூறு குறைத்துக் கொடுத்தான்.
செத்தவனிடம் பேரம்.
வாங்கிக்கொண்டேன்.