பதினாறு பிளை

காங்கேசன்துறை வீதியில் என் ரயர் ஒட்டுக்கடை.
பலகையில் இன்னும் அவருடைய பேர்:
எமிலியானுஸ் ரயர் வேர்க்ஸ்.
ஆள் இல்லை. பெயின்ற் நல்ல பெயின்ற்.

செவ்வாய் காலை யோகசீலன்
லொறி ரயரொன்றை உருட்டிவந்து போட்டான்.
பதினாறு பிளை. வாங்கி ஐந்து மாதம்.
முறிகண்டி தாண்டி, வெங்காய மூட்டைகளோடு,
வெடித்த வெடியில் பசுவொன்று
வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடியதாம்.
வேலிக்கும் அவன்தான் காசு.

பின்னால் ஓட்டோவில் ஒரு பொடியன்.
வெள்ளைக் கையுறை, உருப்பெருக்கிக் கண்ணாடி.
இந்தியாவில் இருந்து, பூவண்ணன்.
"நாங்க டயர் பண்றதில்லைங்க அக்கா,
டயருக்குள்ள இருக்கிற நூல் மட்டும்தான் எங்களுது."
அவனுக்கு அது டயர், எனக்கு ரயர்.
இரண்டுக்கும் நடுவில்
வாய் கிழிந்து கிடந்தது அது.

நான் கத்தியைச் சவர்க்காரத் தண்ணியில் நனைத்து
தோளில் இருந்து வெட்டினேன்.
றப்பர் தோல். அதன்கீழ் நைலோன் படை,
ஒன்று இடம் சாய்ந்து, அடுத்தது வலம் சாய்ந்து,
பனையோலைப் பாய்போல.
லொறி ஓடுவது றப்பரில் என்று நினைப்போம்.
காற்றைப் பிடித்து வைத்திருப்பது
தையல் நூலை விடக் கொஞ்சம் தடித்த இந்த நூல்.

படம் போட்ட புத்தகமொன்றை விரித்துக் காட்டினான்.
அதே கம்பனி ரேயோனும் செய்கிறதாம்.
மரக்கூழைக் கோஸ்ரிக் சோடாவில் ஊறவிட்டு,
கந்தகம் கலந்து தேனாக்கி,
ஊசிக்கண் துளைகளால் அமிலத்துக்குள் பீய்ச்ச
மரம் பட்டாய் எழும்பி வருமாம்.
"மணம்?" என்றேன்.
அவன் சிரித்தான். "அழுகின முட்டைங்க.
குவார்ட்டர்ஸ் ஜன்னலை எங்க அம்மா திறக்கவே மாட்டாங்க."

ஒரு நூலை உருவி, லைற்றரை எடுத்தான்.
வேண்டாம் தம்பி, எனக்குத் தெரியும்.
ரேயோன் கடதாசிபோல் எரியும்,
ஊதினால் பறக்கும் சாம்பல்.
நைலோன் சுருங்கும், சொட்டும், கல்லாய் இறுகும்.
வீடு எரிந்த அடுத்த நாள்
விரலால் கிளறிக் கிளறி
என் கலியாணத்துக்கு அடுத்த நாள் சேலை எது,
அவருடைய வலை எது என்று
பிரித்து எடுத்தவள் நான்.
வலை உருகிய கட்டிதான்
அந்த மேசையில் பில்லுகள் பறக்காமல் இருக்கிறது.
இதை அவனுக்குச் சொல்லவில்லை.
லைற்றரை மட்டும் வாங்கி வைத்தேன்.

கண்ணாடியை வைத்து அவன் குனிந்தான்.
"நூல் அறுந்து வெடிக்கலைங்க.
படை விட்டிருக்கு. வெடிச்ச பிறகுதான் அறுந்திருக்கு."
யோகசீலன் என்னைப் பார்த்தான்.
கம்பனி இல்லை என்றால் காசும் இல்லை.

அப்போதுதான் கண்டேன்:
உள்வயிற்றில், படை விட்ட இடத்துக்கு நேரே
காசளவு ஒட்டு.
ஓரத்தை இரண்டு தரம் உரஞ்சிய அரத்தின் கோடு.
என்னுடைய அரம். என்னுடைய கை.
மார்கழி மழையில், ஆணியைப் பிடுங்கி,
ஈரம் காயமுன்னம் ஒட்டி
அவசரம் என்று அனுப்பியது.
அந்தத் துளையால் காற்று
படைக்குப் படை நடந்திருக்கிறது
இரண்டு மாதம், சத்தமில்லாமல்.

பூவண்ணன் இன்னும் காணவில்லை.
பேனையின் மூடியைக் கடித்தபடி
"ரோடு மோசம்னு எழுதிடலாமா அக்கா?" என்றான்.
றோட்டு வாய் திறக்காது.
யோகசீலனுக்கும் அது விளங்காது.
வெளியே பஸ் ஒன்று கோர்ன் அடித்துக்கொண்டு நின்றது.

"ஒட்டிலதான் பிழை," என்றேன்.
"எழுதுங்கோ. ஒட்டினது நான்."

ஒருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு யோகசீலன்,
"அப்ப பழசொண்டு போட்டுத் தாங்கோவன்,
பின்னேரம் தம்புள்ளைக்குப் போகவேணும்."

அவன் போகும்போது ஒரு நூல்கண்டு தந்தான், மாதிரிக்கு.
வெள்ளை. அழுத்திப் பார்த்தேன், விரல்தான் வெட்டுப்பட்டது.
பலகையின் இடப்பக்கக் கம்பி
கறள்பிடித்துக் கனநாள்.
நாளைக்குக் கட்டவேணும்.