மேலச்சு

கோட்டாறு கம்போளத்தில், மிளகாய்வற்றல் கடைக்கு மாடியில்
தபால்தலைகளுக்கு விலை சொல்கிறவன் நான்.
படியேறி வருகிறவர்கள் எல்லோரும் தும்முவார்கள்.
தும்மி முடித்த பிறகுதான்
ஆல்பத்தைத் திறக்க விடுவேன்.

ரோஸ்லெட் தும்மவில்லை.
மார்த்தாண்டம் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்து
மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து
ஏழு தலைகளை மேசையில் தட்டினாள்.
யானை நாலு, சிங்கம் ஒன்று, ஒட்டகச்சிவிங்கி இரண்டு.
நைஜீரியாவின் பெயருக்குக் குறுக்கே
கறுப்பு மையில் வேறொரு நாடு:
பயாஃப்ரா.
ஒன்றில் தலைகீழாக.
ஒன்றில் நழுவி, யானையின் கண்ணை மூடிக்கொண்டு.
ஏழிலும் எஃப் எழுத்தின் நடுக்கை
பாதியில் முறிந்திருந்தது.

"எனக்க அப்பா அங்க கெமிஸ்ட்ரி படிப்பிச்சாரு.
அறுபத்தெட்டுல திரும்பி வரும்ப முப்பத்தொம்பது கிலோ.
இது வல்லதும் பெறுமா சார்?"

பட்டியல்களைப் புரட்டினேன்.
முப்பது மாதம் உயிரோடிருந்த நாடு.
அது தானே அடித்த மேலச்சுகள் உண்டு,
சின்னமும் கொடியுமாக. இவை அவையல்ல.
கையிருப்பு தீர்ந்த ஏதோ தபாலாபீஸில்
ஒரு குமாஸ்தா ரப்பர் முத்திரையால் குத்தியிருக்கலாம்.
(ரப்பர் அல்ல; ஈய எழுத்து, தாளில் பள்ளம் தெரிகிறது.)
செய்தித்தாளில் போரைப் படித்த ஐரோப்பிய வியாபாரி
சேகரிப்பவர்களின் ஆசையை அறிந்து அடித்திருக்கலாம்.
அல்லது

அவள் கைப்பையிலிருந்து இன்னொன்றை எடுத்தாள்.
கல்யாண அழைப்பிதழ், அறுபத்தொன்பது,
மார்த்தாண்டம் பேரின்பதாஸ் அச்சகம்.
ஆங்கிலப் பக்கத்தில் ஓர் எஃப்.
நடுக்கை முறிந்தது.
"வேலையில்லாம இருந்த ரெண்டு வருசம்
அப்பா அங்கதான் புரூஃப் பாத்தாரு."

லென்ஸை மாற்றினேன். விளக்கைச் சாய்த்தேன்.
முறிவு ஒன்றுபோல இருக்கிறது.
ஒன்றுதானா என்றால், சொல்லமாட்டேன்.
ஈயம் எந்த ஊரிலும்
மெலிந்த இடத்தில்தான் முறியும்.

எனக்குச் சோறு போடுவது சங்கு போட்ட அஞ்சல் தலைகள்.
திருவிதாங்கூரோடு கொச்சியைச் சேர்த்து அடித்தபோது
எழுத்து விழுந்தது, வரி கோணியது.
கோணலுக்குத்தான் கோயம்புத்தூர்க்காரர்கள் கூடுதல் தருகிறார்கள்.
பிறகு ஒரு நவம்பரில்
பள்ளிக்கூடப் பலகையைச் சுரண்டி
எங்களுக்கு வேறு மாநிலம் எழுதினார்கள்.
எனக்கு ஐந்து வயது.
சுண்ணாம்புத்தூள் கண்ணில் விழுந்தது நினைவிருக்கிறது,
வேறொன்றும் இல்லை.

தலைகளைத் திருப்பினேன். பசை போகவில்லை.
ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலில் ஒரு பெயர்:
சிக்கே, ஒபின்னா, என்கெச்சி, உச்சே…
பெயருக்குப் பக்கத்தில் சரி போட்டிருந்தது,
வருகைப்பதிவேட்டில் போடுவதுபோல.
உச்சேவுக்கு மட்டும் ஒன்றும் போடவில்லை.

"இவிய யாருன்னு அப்பா சொல்லல்ல.
நாங்களும் கேக்கல்ல."

ரசீதில் எழுதினேன்:
மூலம் தெரியவில்லை. சந்தை விலை இல்லை.
ஐம்பது ரூபாய் கட்டணத்தை எண்ணி வைத்துவிட்டு
உச்சேவை மட்டும் தனியே எடுத்து
நாக்கில் நனைத்தாள்.
"ஐயோ, பசை" என்றேன். தொழில்புத்தி.
அவள் அதற்குள்
தன் பெயரும் விலாசமும் எழுதிய உறையில்
நம் ஐந்து ரூபாய்த் தலைக்குப் பக்கத்தில்
கண் மூடிய யானையை ஒட்டி
பெருவிரலால் அழுத்திப் பிடித்திருந்தாள்,
பெயர் உள்பக்கம் போக.

தலைமைத் தபாலகத்துக்குக் கூடவே போனேன்.
கவுண்டர்ப் பையன் போனில் பேசிக்கொண்டே
இரண்டு தலைகளின் மேலும் சேர்த்து
ஒரே குத்தாகக் குத்தினான்:
நாகர்கோவில், தேதி.

வியாழக்கிழமை போன் வந்தது.
"வந்திற்று சார்."

நானறிந்து
அந்த நாட்டின் தலை ஒன்று
தபாலில் போய்ச் சேர்ந்த அத்தாட்சி அது ஒன்றுதான்.
எந்தப் பட்டியலும் ஏற்காது. நானும் ஏற்கமாட்டேன்.
இருந்தாலும் கேட்டுவிட்டேன்,
உறையோடு என்ன விலைக்குத் தருவாள் என்று.

அந்தப் பக்கம் ஒரு தும்மல் கேட்டது.